என்ஜினுக்கு வைத்த பித்தளைக் குழாய்

என் வயதை ஒத்தவர்களே, அதிலும் குறிப்பாக, "நீங்க சும்மா இருங்க" என்று வீட்டிலுள்ள பிள்ளைகளால் அன்றாடம் அடக்கப்படுகிறவர்களே, ஒரு செய்தியைத் தெரிவித்துவிட்டே என் நினைவைத் தொடங்குகிறேன். என்னுடைய ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றுகிறவள் நானே. இனியும் நானே மாற்றுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உள்ள எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு குட்டை முக்காலியைப் போட்டு அமர்ந்து இந்தக் காரியத்தைச் செய்கிறேன். ஆயில் வடியும் துளையில் முன்பு ஒரு போல்ட் இருந்தது. சர்வீஸ் கடைப் பையன்கள் அதனை நீண்ட ஸ்பேனர் போட்டு இறுக்கிவிடுவார்கள். என் கைக்கு அது மசியாது. ஆகவே அந்தப் போல்ட்டை நீக்கிவிட்டு, கட்டைவிரல் அளவே உள்ள ஒரு வால்வைப் பொருத்தினேன். பேத்தி கைப்பேசியில் தேடிச் சொல்லிவைக்க, அது வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதன் பிடியை ஒரு விரலால் அழுத்தித் திருப்பினால் பழைய ஆயில் சிறு ரப்பர் குழாய் வழியே டப்பாவுக்குள் இறங்கிவிடும். ஸ்பேனர் வேண்டாம். சுடுகின்ற ஆயிலுக்குள் விழுந்த போல்ட்டைத் தேட வேண்டாம். புடவையும் பாழாகாது.

சென்ற புரட்டாசியில், வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஆயில் சொட்டியிருந்தது. என் மகன் குனிந்து பார்த்தான். வால்வின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா? கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா? போல்ட் போட்டுக் குடுத்தா போல்ட்டோட ஓட்டணும். ஆயுத பூசைக்குள்ள இதக் கழட்டிருங்கம்மா. இல்லேன்னா நானே கழட்டிருவேன்" என்றான்.

ஆயுத பூசை என்று அவன் கெடு வைத்ததுதான் என்னை உலுக்கியது. அதே பூசையை ஒட்டி, அதே போன்ற ஒரு துளிக்காக, என் அம்மா ஊர் முன்னால் தோற்கடிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய ஆண்டு அது. மகாராஜபுரத்தில் எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே ஆயில் என்ஜின். மூன்று நாள் அவர்கள் வயலுக்கு, மூன்று நாள் எங்கள் வயலுக்கு என்று தண்ணீர் முறை வைத்திருந்தார்கள். என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில் எங்கள் வீட்டில் இருந்தது. என்ஜின் வேலை அறிந்தவர் என் அப்பா ஒருவரே என்பதால் அது எங்களிடம் வந்தது. அப்பா ராஜபாளையத்து நூற்பாலைக்கு வேலைக்குப் போய், வார விடுமுறைக்கு மட்டும் வருகிறவராக ஆன பிறகும், அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தம் முறை வரும்போதெல்லாம் ஹேண்டிலுக்காக எங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது பெரியப்பாவுக்குப் பெரும் அவமானமாக இருந்தது. ஹேண்டில் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டின் சொல்லே கிணற்றடியில் செல்லும் என்பதை நாங்களும் அறிவோம், அவரும் அறிவார்.

அம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அது பகையினால் அன்று. கணவனின் தமையனோடு பெண் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். ஆகையால் இருவரும் நான்கடி தூரத்தில் நின்றாலும் பேச்செல்லாம் என் வழியாகவே போகும். "ஏட்டி, ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு" என்று அம்மா சொல்வாள். அவர் காதில் அது விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திரும்பச் சொல்லும் வரை அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

என்ஜினுக்கு இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்கள். அதன் வயிற்றுப் பக்கத்தில் ஓர் இரும்புக் கதவு. அந்தக் கதவின் நடுவே, வட்டமாக ஒரு மூடி; மூடியைச் சுற்றிச் சின்னஞ்சிறு துளைகள். என்ஜின் ஓடும்போது அந்த வட்டத்துக்கு அருகில் உள்ளங்கையை வைத்தால் சூடான மூச்சு விட்டுவிட்டு வந்து படும். எனக்கு அது மிகவும் பிடித்த விளையாட்டு. அந்த மூச்சில் ஆயிலும் டீசலும் கலந்த ஒரு வாடை இருக்கும். இன்றும் பழைய டிராக்டர் ஒன்று தெருவில் போனால் என் உள்ளங்கை கூசுகிறது.

ஆயில் மாற்றுவதுதான் அந்த என்ஜினின் பெருந்தொல்லை. வடிகால் திருகு, என்ஜின் நிற்கும் சிமெண்டுக் கட்டையோடு ஒட்டினாற்போல் இருந்தது. கீழே டப்பா வைக்க இடமில்லை. திருகைக் கழற்றினால் ஆயில் கட்டை முழுவதும் வழிந்தோடும். சாம்பலையும் மணலையும் கொட்டி அள்ள வேண்டும். இதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் சைக்கிளில் வருவார். நாளை வருகிறேன் என்பார். எட்டு நாள் கழித்து வருவார். அதற்குள் ஆயில் தார் போல ஆகிவிடும்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அம்மா தானே ஸ்பேனரை எடுத்தாள். திருகு கழன்றது. கழன்ற வேகத்தில் கொதிக்கும் ஆயில் அவள் முழங்கை வரை வழிந்தது. திருகைக் கை நழுவ விட்டாள். திருகு கிடைத்தது; அதனோடு இருந்த செப்பு வளையம் கிடைக்கவில்லை. ஆயிலில் ஊறிய மணலை வீட்டு மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தோம். சல்லடை வீணாயிற்று, வளையம் அகப்படவில்லை. பார் சோப்பைப் பிசைந்து திருகில் அப்பி, இறுக்கி, அன்றைய பொழுதை ஒப்பேற்றினாள். கையில் கொப்புளங்களோடு இரவு சோறு பிசைந்தவள், "இதுக்கு ஒரு குழாய் இருந்தா என்ன?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மறுநாளே திருகைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். மேற்கே அய்யனார் கோவில் மலைமீது ஒரு மேகத் துண்டுகூட இல்லை. மழையை நம்பும் ஆண்டாக அது தோன்றவில்லை.

அங்கே ஒரு லேத் பட்டறை. பட்டறைக்காரர் தெலுங்கு பேசுகிறவர்.

"ஏமம்மா, என்ன வேணும்?" என்றார்.

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். "இந்தத் திருகு எம்புட்டு கனமோ அம்புட்டு கனத்துல ஒரு குழாய் வேணும்யா."

"எந்த அண்டாவுக்கு?"

"என்ஜினுக்கு."

பட்டறையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "என்ஜின்ல தண்ணி பிடிச்சுக் குடிக்கப் போறீகளா?" என்றார் ஒருவர்.

"குடிக்கதுக்கு இல்ல. அது குடிச்சத வெளிய விடுததுக்கு" என்றாள் அம்மா.

பட்டறைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். திருகை வாங்கி உருட்டிப் பார்த்தார். என்ஜின் எப்படி நிற்கிறது, கட்டை எவ்வளவு அகலம் என்று கேட்டார். அம்மா கீழே குந்தி, கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினாள். அவர் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"மூக்கு நீளமா வச்சுத் தாரேன். கட்டையத் தாண்டி வெளிய நிக்கும். டப்பாவ நேரா கீழ வச்சுக்கிடலாம். ஆனா தட்டுனா தொறக்குத குழாய் வேண்டாம்மா. என்ஜின் ஆட்டத்துல தானாத் தொறந்துரும். இறுக்கித் திருகி மூடுததாப் போடுதேன்."

பித்தளை கடைசலில் சுருள் சுருளாகச் சீவி விழுந்தது. ஒரு சுருளை எடுத்து நான் வளையலாகப் போட்டுக்கொண்டேன். ஊர் வந்து சேருமுன் பஸ் நெரிசலில் அதையும் தொலைத்தேன்.

குழாய் வைத்தபின் முதன்முறை ஆயில் மாற்றிய நாளை நான் மறக்கமாட்டேன். அம்மா குழாயைத் திருகினாள். கறுப்பு ஆயில் மெல்லிய கயிறு போல இறங்கி, டப்பாவுக்குள் ஓசையின்றிச் சுருண்டது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. முன்பெல்லாம் மணலோடு போன பழைய ஆயில் முழுவதும் இப்போது கைக்குக் கிடைத்தது. வண்டி அச்சுக்கு, கதவுக் கீலுக்கு, கரையான் ஏறும் பந்தல் காலுக்கு என்று கேட்டு அக்கம்பக்கத்தார் சிரட்டையோடு வந்து நின்றார்கள்.

பெரியப்பாவும் வந்தார். தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஏட்டி, இது என்ஜினா, டீக்கடை பாய்லரான்னு ஒங்க ஆத்தாகிட்டக் கேளு" என்றார்.

நான் கேட்பதற்குள் பதில் வந்தது. "ஏட்டி, பெரியப்பாவுக்கு ஸ்ட்ராங்கா ஒரு டம்ளர் பிடிக்கவான்னு கேளு."

சிரட்டையோடு நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெரியப்பா போய்விட்டார். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. வயலில் நெல் பால் பிடிக்கும் தருணம், மழை இல்லை. பூசைக்கு மறுநாள் எங்கள் முறை தொடங்க வேண்டும். அந்த மூன்று நாள் தண்ணீர் தப்பினால் அத்தனையும் பதராகிவிடும். பூசையை வழக்கம்போல் பெரியப்பாவே நடத்தினார். அதுவரை தங்கள் முறையில் ஓடிக்கொண்டிருந்த என்ஜினை நிறுத்தி, துடைத்து, மாலை சாற்றினார். மஞ்சளும் சந்தனமும் குழைத்த கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "கை வைக்கிற இடமெல்லாம் பொட்டு வைட்டி. ஒரு இடம் விடாத" என்றார்.

நான் ஒரு இடமும் விடவில்லை. சக்கரத்துக்கு வைத்தேன், ஹேண்டிலுக்கு வைத்தேன், அம்மாவின் குழாய்க்கு வைத்தேன். எனக்குப் பிரியமான அந்த வட்ட மூடி நெற்றியைப் போலவே இருந்தது. அதற்கு மட்டும் கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் வழித்து, துளைகளெல்லாம் மறையும்படி தடிமனாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். "நல்லா வச்சிருக்கா பிள்ள" என்று பெரியப்பா மெச்சினார். என்ஜினின் சூட்டில் அது சற்று நேரத்திலேயே செங்கல் போல இறுகிவிட்டது.

மறுநாள் காலையில் அம்மா என்ஜினைக் கிளப்பினாள். பொட்டை அழிக்கக்கூடாது என்பதால் எவரும் அதைத் துடைக்கவில்லை. சற்று நேரத்தில் என்ஜின் முழுவதும் ஆயிலில் பளபளத்தது. வழிந்த ஆயில் எல்லாம் இரும்பின் மேல் இறங்கி, அடியில் நீண்டிருந்த குழாயின் மூக்குக்கு வந்து, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

பெரியப்பா நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பாத்தீகளா? பொம்பள என்ஜின்ல கை வச்சா இதான். கடவுளுக்குப் பூசை போட்ட மறுநாளே ஒழுகுது. குழாயக் கழட்டச் சொல்லுட்டி. ஹேண்டில எடுத்துட்டு வரச் சொல்லு."

அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்தாள் அம்மா. குழாய் என்ஜினோடு சேரும் திருகுப் பகுதியை முதலில் சுத்தமாகத் துடைத்தாள். மேலிருந்து ஆயில் வழிந்து வராதபடி ஒரு கையால் துணியை அணை கட்டிப் பிடித்துக்கொண்டாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொரு வெள்ளைத் துண்டால் அந்தத் திருகைச் சுற்றி ஒற்றி எடுத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"ஏட்டி, சொல்லு. திருகுல ஈரம் இல்ல. ஆயில் மேல இருந்துதான் வருது. தொட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லுட்டி!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அம்மா என்னைத் தாண்டி நடந்து போய், பெரியப்பாவின் முகத்துக்கு நேரே துணியை விரித்துப் பிடித்தாள்.

"அத்தான், துணியப் பாருங்க. ஈரம் இருக்கா?"

எவரும் துணியைப் பார்க்கவில்லை. அவள் பேசிவிட்டதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். வந்தவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். "மூஞ்சிக்கு நேரா பேசுத அளவுக்கு வந்தாச்சு. இனி ஒழுகினா என்ன, ஒழுகாட்டி என்ன?" என்றார் பெரியப்பா. "இந்த முறை முடியட்டும். பொறவு ஹேண்டில் எங்க வீட்டுக்கு வரும். தம்பிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அந்த மூன்று நாளும் அம்மா என்ஜினைவிட்டு நகரவில்லை. அரைமணிக்கு ஒருமுறை ஆயில் மட்டம் காட்டும் கம்பியை உருவிப் பார்த்து, குறைந்த ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தாள். புது ஆயில் தீர்ந்தது. வடித்து வைத்திருந்த பழைய ஆயிலை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினாள். முகம், கழுத்து, தாலிக் கயிறு எல்லாம் கறுத்துப் போயிற்று. நெல் பிழைத்தது. விடுமுறைக்கு வந்த அப்பா, அண்ணன் சொல்லுக்கு மறுசொல் இல்லாதவர், ஹேண்டிலைத் தம் கையாலேயே எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா அவரிடமும் துணியைக் காட்டினாள். "துணி கெடக்கட்டும். ஏன் அவிய முகத்துக்கு நேரா பேசின?" என்றார் அவர்.

மெக்கானிக் வந்தார். என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். குழாயைக் கழற்றிவிட்டுப் பழைய திருகை மாட்டினார். ஒழுக்கு நின்றுபோயிற்று. ஊருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அம்மா அந்தக் குழாயைப் புளி போட்டு விளக்கி, வென்னீரில் அலசி, வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் தகர டிரம்மில் பொருத்தினாள். கொஞ்ச நாளில் ஒரு பஞ்சாயத்துக்காக வந்த பெரியப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் அந்தக் குழாயில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "ஏட்டி, குழாய் ஒழுகுதான்னு பெரியப்பாகிட்டக் கேளு."

அன்று நான் கேட்டேன். அவர் செம்பை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆனால் ஆயில் எங்கிருந்து வந்தது என்பது அம்மாவுக்கும் கடைசிவரை விளங்கவில்லை. "திருகுல ஈரம் இல்ல" என்று மட்டும் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டை இடித்துக் கட்டியபோது டிரம்மையும் குழாயையும் பேரீச்சம்பழக்காரனிடம் போட்டுவிட்டார்கள். நான் அப்போது ஊரில் இல்லை.

இனி என் ஸ்கூட்டருக்கு வருகிறேன். மகன் கெடு வைத்த பிறகு, உண்மையைச் சொல்வதானால், எனக்கும் வால்வின் மீது ஐயம் வந்துவிட்டது. உள்ளூர்க் கடைக்குப் போனால் மகனுக்குச் செய்தி போய்விடும் என்பதால், வண்டியை ஓட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் இளைஞர் வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு சிறிய ரப்பர் குழாயைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தினார். பொலபொலவென்று காய்ந்த மண் உதிர்ந்தது.

"குளவி கூடு கட்டியிருக்கு ஆச்சி. இதுதான் என்ஜின் மூச்சு விடுத வழி. இத அடைச்சிட்டா உள்ள காத்து முட்டி, கிடைச்ச சந்துல எல்லாம் ஆயிலத் தள்ளிரும். ஒங்க வால்வு அடியில இருக்கதால அது வழியா சொட்டுத மாதிரி தெரிஞ்சிருக்கு. வால்வு மேல ஒரு குத்தமும் இல்ல."

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் உள்ளங்கை கூசியது.

அம்மாவின் என்ஜின் மூச்சுவிட்ட வட்ட மூடியை அடைத்தது, துளைகள் மறையும்படி நான் அப்பிய சந்தனம். மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியபோது போனதும் அந்தச் சந்தனமே. குழாயைக் கழற்றியதால் ஒழுக்கு நின்றது என்று ஊர் நம்பியது. நானும் பாதி நம்பினேன். இதை எழுதுவது மன்னிப்புக் கேட்பதற்காக அன்று. நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆளான அம்மா இப்போது இல்லை. பத்து வயதுப் பிள்ளை அறியாமல் செய்தது பிழை. ஒரு வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்க்க மறுத்தார்களே, அந்தப் பெரியவர்கள் செய்தது பிழையன்று, அநியாயம். அதை அநியாயம் என்று எழுத்தில் பதிந்துவைக்க இத்தனை ஆண்டு ஆயிற்று.

ஆயுத பூசை அன்று காலை மகன் ஒரு கையில் சந்தனக் கிண்ணத்தோடும் மறு கையில் ஸ்பேனரோடும் வாசலுக்கு வந்தான். போல்ட்டையும் எங்கிருந்தோ தேடி எடுத்திருந்தான். குளவியைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பையன் ஒங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பான்" என்றான்.

நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பச் சொன்னேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வின் திருகைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். துணி வெள்ளையாக இருந்தது. மகன் அதைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படியில் உட்கார்ந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பேத்திக்கு இப்போது பத்து வயது நடக்கிறது. அவளிடம் துணியைக் கொடுத்தேன்.

"ஏட்டி, ஒங்க அப்பாகிட்டச் சொல்லு. திருகுல ஈரம் இல்லைன்னு சொல்லு."

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எழுந்து போய், தன் அப்பாவின் முகத்துக்கு நேரே துணியை விரித்துப் பிடித்தாள்.

"அப்பா, திருகுல ஈரம் இல்ல. நம்பலேன்னா நீங்களே தொட்டுப் பாருங்க."

தெருவே கேட்கும்படியான குரல் அது. மகன் துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, வண்டிக்கு அருகில் குந்தி, விரலை நீட்டித் திருகைத் தொட்டான்.